பிடுங்கப்பட்ட எலக்ட்ரானின் சாட்சியம்

சீடன்: உயர்வெப்பநிலை மீக்கடத்திகளாகிய தாமிர ஆக்சைடுகளின்மேல் புறஊதா ஒளியைப் பாய்ச்சி, தெறித்து வரும் எலக்ட்ரானின் வேகத்தையும் கோணத்தையும் அளந்து, உள்ளிருப்பவற்றின் நிலையை அறிகிறார்கள். பிடுங்கும் செயலே அந்நிலையைக் குலைத்துவிடும்போது, பிடுங்கப்பட்டது எப்படிச் சாட்சியாகும், ஐயா?

ஆசிரியர்: அந்தக் குலைவும் சேர்த்தே அளக்கப்படுகிறது. காலையில் மும்பையின் முலுண்ட் நிலையத்தில் நிற்கும் லோக்கல் ரயில் பெட்டியிலிருந்து ஒருவரைச் சட்டென்று இழுத்தால், இழுத்த விசை தெரிந்திருக்கும்போது, அவர் நடைமேடையில் வந்து விழும் வேகமே நெரிசல் அவரை எவ்வளவு இறுகப் பற்றியிருந்தது என்பதைச் சொல்லிவிடும். ஒளித்துகளின் ஆற்றலிலிருந்து எலக்ட்ரானின் இயக்க ஆற்றலையும், பரப்பைத் தாண்டச் செலவாகும் வெளியேற்று ஆற்றலையும் கழித்தால் எஞ்சுவது அந்தப் பிடிப்பு. 1905-இல் ஐன்ஸ்டைன் தந்த விளக்கத்தின் நீட்சியே இது. பரப்புக்கு இணையான உந்தம் வெளியேறும்போது மாறாது என்பதால், கோணத்திலிருந்து உந்தமும் கிடைக்கிறது.

சீடன்: ஒருவரை இழுத்தால் மற்றவர்களும் தள்ளாடுவார்களே?

ஆசிரியர்: அந்தத் தள்ளாட்டத்தின் செலவும் வெளிவந்தவரின் வேகத்திலேயே கழிகிறது. பெட்டியில் இருப்போர் அசையாவிட்டால், இழுக்கப்படும் ஒவ்வொருவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் வருவர். நிறமாலையில் கூர்மையான முகடு தெரியும். கூட்டம் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக அலைந்தால் முகடு பரந்து மங்கும். ஆகவே நூல்கள் சில எழுதுவதுபோல் இது எலக்ட்ரானின் நிழற்படம் அன்று. ஒன்றை இழந்த கூட்டம் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதன் நிகழ்தகவுப் பட்டியல். இவ்வாறு படித்தபோது, பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடில் எலக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் இடைவெளி, தாமிர-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் மிகுந்தும் மூலைவிட்டத் திசையில் ஏறத்தாழ மறைந்தும் இருப்பதை 1993-இல் ஸ்டான்ஃபோர்டு குழுவினர் கண்டனர். அப்போது கொலாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த மோஹித் ரந்தேரியாவும், மைக்கேல் நார்மன், ஹோங் டிங் முதலியோரும் 1998-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இன்னும் வியப்பானது. துளைகள், அதாவது எலக்ட்ரான் இல்லா இடங்கள், குறைவாக ஊட்டப்பட்ட படிகத்தில், வெப்பம் ஏறி மீக்கடத்தல் அழிந்த பின்னும் பிணைப்புத் திசையில் இடைவெளி நீடித்தது. உலோகத்தில் மூடிய வளைவாக இருக்கவேண்டிய ஃபெர்மி பரப்பு, அதாவது நிரம்பிய நிலைகளின் எல்லை, துண்டு துண்டான விற்களாக நின்று, வெப்பம் ஏற ஏற நீண்டு, பிறகே முழுமை பெற்றது.

சீடன்: மேற்பரப்பின் சில அடுக்குகளைத்தானே இது காண்கிறது?

ஆசிரியர்: இப்படிகம் வெற்றிடத்தில் ஏடு ஏடாகச் சீராகப் பிளவுபடுவது; ஆகவே அது பெரிய தடையன்று.

சீடன்: அப்படியானால் இச்சாட்சியம் முழுமையானதா?

ஆசிரியர்: இல்லை. இடைவெளியின் அளவை இது தரும். திசைக்குத் திசை மாறும் அதன் நேர், எதிர்க் குறியைத் தராது. அக்குறி மாற்றத்தை, மூன்று படிகங்கள் சந்திக்கும் வளையத்தில் அரைக் காந்தப்பாயக் குவாண்டத்தைக் கண்டு, ஐபிஎம் ஆய்வகத்தின் சுயேயும் கிர்ட்லியும் 1994-இல் தனியே நிறுவினர்.