எத்தனை பார் போதும்?

ஏர் ரைபிளுக்கு வீட்டிலேயே காற்று நிரப்ப நினைப்பவர் கம்ப்ரசர் வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, அது எத்தனை பார் அழுத்தம் வரை ஏற்றும் என்பது. விலை, வேகம், சத்தம், எடை எல்லாம் அதற்குப் பிறகு வரும். இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்க வேண்டிய கேள்வி வேறொன்று: அந்தக் காற்று எதற்கு? அதைக் கேட்டுவிட்டால், கடையோடு முடிந்துவிடும் எனத் தோன்றும் தேர்வு அறவியலுக்குள் வந்துவிடுகிறது. கருவியைத் தேர்வது வெறும் திறமையா, அதிலும் அறம் உண்டா என்ற பழைய விவாதத்துக்கு இந்தச் சிறு இயந்திரம் நல்ல உரைகல்.

பஞ்சர் கடைக் கம்ப்ரசர் பெரும்பாலும் 8 முதல் 10 பார் வரை ஏற்றும். காரின் டயருக்கு 2 பாருக்குச் சற்று மேல் இருந்தால் போதும். முன்கூட்டியே காற்றை அடைத்துவைத்துச் சுடும் ரைபிள்களுக்கோ 200 முதல் 300 பார் வேண்டும். அவ்வளவு அழுத்தத்தை ஒரே மூச்சில் எட்ட முடியாது. ஒன்றைவிட ஒன்று குறுகலான சிலிண்டர்களில், இரண்டு மூன்று கட்டங்களாகக் காற்றை நெருக்க வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது கைப்பம்பு, மின்சாரம் வேண்டாம், உடலுழைப்பு வேண்டும். இரண்டாவது, காரின் 12 வோல்ட் பேட்டரியிலேயே ஓடக்கூடிய சிறு கம்ப்ரசர். ரைபிளின் சொந்தச் சிலிண்டரை நிரப்பும், விரைவில் சூடேறும், இடையிடையே ஓய்வு கேட்கும். மூன்றாவது, தண்ணீரால் குளிர்விக்கப்படும் பெரிய கம்ப்ரசர், 6.8 லிட்டர் கார்பன் ஃபைபர் சிலிண்டரையே நிரப்பிவிடும். பிறகு அதிலிருந்து ரைபிளைப் பலமுறை நிரப்பிக்கொள்ளலாம்.

இந்த மூன்றில் எது சிறந்தது? இலக்கைச் சொல்லாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. அரிஸ்டாட்டில் தமது நிக்கோமாக்கிய அறவியலின் மூன்றாம் நூலில் இதையே விளக்குகிறார். மருத்துவர் நோயாளியைக் குணப்படுத்தலாமா வேண்டாமா என்று ஆலோசிப்பதில்லை. எப்படிக் குணப்படுத்துவது என்றே ஆலோசிக்கிறார். ஆலோசனை வழியைப் பற்றியது. இலக்கு அதற்கு முன்பே நிலைபெற்றிருக்க வேண்டும். ஆறாம் நூலில் அவர் இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறார். எந்தக் குறியைக் கொடுத்தாலும் அதை எட்டும் வழியைக் கண்டுபிடிப்பது சாமர்த்தியம். குறி நல்லதானால் அது பாராட்டுக்குரியது. தீயதானால் அதுவே கயமை. நல்ல குறியோடு சேர்ந்த சாமர்த்தியத்துக்குத்தான் விவேகம் என்று பெயர். கம்ப்ரசர்களின் விவரப் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்ப்பது சாமர்த்தியத்தின் வேலை. எதற்காக ஒப்பிடுகிறோம் என்று தெரிந்திருப்பது விவேகத்தின் வேலை.

இலக்கு மாறும்போது அளவும் எப்படி மாறுகிறது என்பதை மூன்று நேர்வுகளில் காணலாம். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டி 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ளது; 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் தங்கத்தை வென்றது இதில்தான். அந்தப் போட்டிக் குறியின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. அங்கே வலிமைக்கு வேலை இல்லை. 4.5 மில்லிமீட்டர் பெல்லட் ஏறத்தாழ 7.5 ஜூல் ஆற்றலோடு போனால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி போக வேண்டும் என்பதே தேவை. 200 பார் வரை ஒருமுறை நிரப்பினால் 60 குண்டுகள் கொண்ட ஒரு போட்டியைத் தாண்டியும் காற்று மிஞ்சும். வீட்டில் பயிற்சி செய்பவருக்குப் பெரும்பாலும் கைப்பம்பே போதும்.

இங்கிலாந்தில் தானியக் கிடங்கில் எலிகளை ஒழிக்க ஏர் ரைபிள் வைத்திருக்கும் விவசாயியின் நிலை வேறு. அங்கே உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள ஏறத்தாழ 16 ஜூல் வரை அனுமதி உண்டு. அழுத்தம் இறங்கிய ரைபிளால் சுட்டால் எலி உடனே சாகாது. காயத்தோடு ஓடி ஒளிந்து, வலியில் கிடந்து சாகும். கொல்வது என்று முடிவெடுத்த பிறகு, அழுத்தக் குறைவு கருணையாகாது. நூறு மீட்டர் தொலைவில் குறி பார்ப்பவருக்கு இன்னும் அதிகக் காற்று செலவாகும். சில குண்டுகளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கலாம். பெரிய கம்ப்ரசர் அவருக்கு ஆடம்பரமாகாது. ஆகவே ‘போதும்’ என்பதைக் ‘குறைந்தபட்சம்’ என்று புரிந்துகொள்ளக் கூடாது. குறியால் அளக்கப்பட்ட அளவே போதுமான அளவு.

தேர்வில் அடங்கிய இன்னொன்று, பிறருக்கு நேரக்கூடிய ஆபத்து. 300 பாரில் நிறைந்த 6.8 லிட்டர் சிலிண்டரில் அடங்கியிருக்கும் ஆற்றல், ஒரு டன் எடையுள்ள காரை எண்பது மீட்டருக்கு மேல் தூக்கப் போதுமானது. அதை வீட்டுக்குள் கொண்டுவருபவர் தம் குடும்பத்தையும் சுவருக்கு அப்பால் தூங்கும் அண்டை வீட்டாரையும் அந்தத் தேர்வில் சேர்த்துக்கொள்கிறார். நிரப்பும் வேலையை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். குழாயை இணைத்து மோட்டாரை ஓட்டியதும் முள் நூறைத் தாண்டுகிறது, நூற்றைம்பதைத் தாண்டுகிறது. சிலிண்டர் கைக்குச் சூடாகத் தெரிகிறது. இடையில் வடிகால் திருகைத் திறந்தால் சீறலோடு வெண்மூட்டமாக நீர் தெறிக்கிறது. 25 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் அந்தச் சிலிண்டரை நிரப்பினால், காற்றோடு வரும் நீர் மட்டும் ஏறத்தாழ 25 கிராம். வடிக்காமலும் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமலும் விட்டால் அந்த நீர் ரைபிளுக்குள் போய்த் துருவாகும். அழுத்தப் பகுதியில் சாதாரண இயந்திர எண்ணெயைத் தடவினால், டீசல் எஞ்சினில் நடப்பதுபோல நெருக்கத்தின் சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளக்கூடும். காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனை நிரப்புவது வெடிவிபத்தைக் கூப்பிடுவதற்குச் சமம். தானாக நிற்கும் வசதி, அழுத்தம் மீறினால் உடைந்து காற்றை வெளியேற்றும் பாதுகாப்புத் தகடு, சிலிண்டருக்கு உரிய காலத்தில் அழுத்தச் சோதனை ஆகியவற்றைக் கூடுதல் செலவாகக் கணக்கிடக் கூடாது. அவை பிறருக்குச் செலுத்த வேண்டிய கடமையின் இயந்திர வடிவம்.

இந்த இரண்டு கூறுகளையும், அதாவது நோக்கத்தையும் கவனத்தையும், சமண அறநூல்கள் ஒரே விரதத்துக்குள் வைத்தன. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதைப் பின்பற்றித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாருக்கு விதிப்பவற்றுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. நோக்கமின்றி இழைக்கும் தீங்கிலிருந்து விலகுவது என்பது அதன் பொருள். கொல்லும் கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதும், அசட்டையால் தீங்கு விளைவிப்பதும் அது விலக்கும் ஐந்தில் இரண்டு. அர்த்தம் என்றால் நோக்கம். அது இல்லாதது அனர்த்தம். இன்றைய தமிழில் அனர்த்தம் என்ற சொல் பேரழிவைக் குறிக்கிறது. நோக்கம் இல்லாத ஆற்றல் எங்கே போய் முடியும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

அரிஸ்டாட்டிலும் சமணரும் எல்லாவற்றிலும் உடன்படுபவர்கள் அல்லர். வேட்டையை இயற்கையான வாழ்வழி என்று அரிஸ்டாட்டில் தமது அரசியல் நூலில் ஏற்கிறார். சமணம் அதை முற்றாக விலக்குகிறது. எது நல்ல குறி என்பதில் இருவருக்கும் இவ்வளவு தொலைவு இருந்தும், குறியை முதலில் கேட்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். கருவி நடுநிலையானது, பயன்படுத்துபவரே பொறுப்பு என்பது முதலாவது. பொறுப்பு மனிதருடையது என்பது சரி. ஆனால் ஒவ்வொரு கருவியும் சில செயல்களை எளிதாக்குகிறது. கைப்பம்பில் ஒவ்வொரு நிரப்பலுக்கும் வியர்வை விலை. அந்த விலையே சுடும் கையைச் சற்று யோசிக்க வைக்கும். மோட்டார் அந்த விலையை நீக்குகிறது. அதற்காக மோட்டார் தவறாகிவிடாது. இதய நோயாளிக்கும் முதியவருக்கும் அதுவே பொருத்தம். நீங்கிய தடையின் இடத்தில் தன்கட்டுப்பாட்டை வைக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

பிற்காலத் தேவைக்காகக் கூடுதல் திறன் வாங்குவது முன்யோசனை என்பது இரண்டாவது மறுப்பு. அந்தத் தேவை இன்னதென்று சொல்ல முடிந்தால் அது முன்யோசனைதான். பெயர் சொல்ல முடியாத தேவைக்காகச் சேர்க்கும் ஆற்றல், வீட்டு மூலையில் 300 பாரில் காத்திருக்கும் அனர்த்தம்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை 47ஆம் அதிகாரம். வலியறிதல் 48ஆம் அதிகாரம். செய்யப்போவதை ஆராய்ந்த பிறகே வலிமையை அளப்பது என்பது இதன் வரிசை. கம்ப்ரசர் வாங்குபவருக்கும் இந்த வரிசையே பொருந்தும். எதைச் சுடப் போகிறோம், எவ்வளவு தொலைவில், வாரத்துக்கு எத்தனை குண்டு, யார் அருகில் இருப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்தால், எத்தனை பார், எத்தனை லிட்டர் என்பவற்றுக்கு விடை அந்தத் தாளிலிருந்தே வந்துவிடும். அந்தத் தாளை நிரப்ப முடியாதவர் எந்தக் கம்ப்ரசரையும் வாங்காமல் இருப்பதே சரியான தேர்வு.