தூணின் பிழை யார் கணக்கில்?

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னை போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு, மழை கொட்டிய நேரத்தில் முழுதாகச் சரிந்தது. 61 பேர் இறந்தார்கள். 27 பேரை இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்டார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்கள். ஆந்திரத்தின் வடகோடியிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களிலிருந்தும் வந்த கொத்தனார்கள், சித்தாள்கள். இடி விழுந்ததுதான் காரணம் என்று முதலில் ஒரு பேச்சு எழுந்தது. ஆனால் அதே வளாகத்தில் நின்றுகொண்டிருந்த இன்னொரு கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்மேல் எந்த இடியும் விழுந்திருக்கவில்லை.

அந்தக் கட்டடத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு வகை. வீடு வாங்கப் பணம் கட்டியவர்கள் ஒரு வகை. அந்த வீட்டைக் கட்டியவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினருக்காக நாடாளுமன்றம் 2016-ல் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், பில்டர் 30 நாளுக்குள் தன் செலவிலேயே சரிசெய்ய வேண்டும். தவறினால் இழப்பீடு தர வேண்டும். நல்ல சட்டம். சுவரில் விரிசல் கண்டவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் இன்று குழப்பமில்லை. அதே குறை ஒப்படைப்புக்கு முன்பே வெளிப்பட்டு, தளம் போடும் நாளில் ஒருவரின் முதுகெலும்பை முறித்திருந்தால், அந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவர் எதையும் விலைக்கு வாங்கியவர் அல்லர். ஒரே தூணின் ஒரே பிழை. சுவருக்குச் செய்த சேதத்துக்கு ஒரு வாசல், உடலுக்குச் செய்த சேதத்துக்கு வேறு வாசல்.

அந்த இரண்டாவது வாசலைக் குறைத்துப் பேசக் கூடாது. அது திறப்பதற்கே நெடுங்காலம் ஆயிற்று. 1837-ல் இங்கிலாந்தில் கசாப்புக் கடைப் பணியாளர் ஒருவர், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடையெலும்பு முறிந்ததற்காகத் தன் முதலாளிமேல் வழக்குப் போட்டார். வண்டியின் ஆபத்து முதலாளிக்குத் தெரிந்த அளவு வேலையாளுக்கும் தெரியும், பிடிக்காவிட்டால் ஏறாமல் இருந்திருக்கலாம் என்ற தோரணையில் நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது. கூலியிலேயே ஆபத்துக்கும் விலை சேர்ந்திருக்கிறது என்ற இந்த வாதம் இன்றும் நம் கட்டுமான இடங்களில் உயிரோடு இருக்கிறது. 1884-ல் ஜெர்மனியும் 1897-ல் இங்கிலாந்தும் அதைச் சட்டத்தால் உடைத்தன. யார் தவறு என்று தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையினால் வேலையின்போது அடிபட்டது என்று காட்டினால் போதும் என்றாயிற்று. இந்தியாவுக்கு அது 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாக வந்தது. அதன் சாரம் இப்போது, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் உள்ளே பரிவான ஏற்பாடுகள் பல உண்டு. மேஸ்திரி கூட்டிவந்த ஆளாக இருந்தாலும், அந்த வேலையைத் தன் தொழிலாக நடத்தும் பில்டரிடமே இழப்பீடு கேட்கலாம். மேஸ்திரியிடம் திரும்ப வசூலிப்பது பில்டரின் பாடு. சென்னையில் இறந்தவரின் மனைவி ஸ்ரீகாகுளத்தில் இருந்தால், அங்கேயே மனு கொடுக்கலாம். 1995-ல் வந்த திருத்தம் அது. சாவுக்கான தொகையை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். பிணவறை வாசலில் கையில் திணித்துவிட்டு ஒரு தாளில் கைரேகை வாங்கிக்கொள்வதால் கடன் தீராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அந்தத் தாள் செல்லாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணம் இல்லாதபோது தொகையில் பாதிவரை தண்டமும் சேரும் என்று 1923 சட்டம் சொன்னது.

உச்ச நீதிமன்றம் 1975-ல் அளித்த ஒரு தீர்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒரு கைதானே போயிற்று, முழு முடக்கம் எப்படி ஆகும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அது முழு முடக்கமே என்றது நீதிமன்றம். அந்த மனிதர் எதை வைத்துப் பிழைத்தார் என்று பார்த்த தீர்ப்பு அது.

இவ்வளவும் இருந்தும், கட்டுமானப் பிழை என்று வரும்போது இந்தச் சட்டம் அறத்தில் சறுக்குகிறது. இழப்பீட்டு ஆணையரிடம் மனு போட்டவர், அதே காயத்துக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்டு வழக்குத் தொடர முடியாது. முதலில் அங்கே போனவருக்கு இங்கே உரிமை இல்லை. 1923-ல் எழுதப்பட்ட இந்தத் தடை புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. கால் உடைந்து கிடப்பவரிடம் சட்டம் கேட்கிறது: பணம் வேண்டுமா, பிழை யாருடையது என்ற பதில் வேண்டுமா?

இந்தத் தடைக்கும் நியாயம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவறை நிரூபிக்கும் சுமையிலிருந்து தொழிலாளி விடுபட்டார். பதிலுக்கு, முடிவில்லாத வழக்குகளிலிருந்து முதலாளி விடுபட்டார். இரு பக்கமும் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் இது என்கிறார்கள். சாரத்தில் கால் வழுக்குவது, கல் நழுவிக் கையில் விழுவது போன்ற, எவ்வளவு கவனமாக இருந்தாலும் தொழிலோடு ஒட்டிவரும் ஆபத்துகளுக்கு இது சரியான ஒப்பந்தமே. அங்கே குற்றவாளியைத் தேடி அலைவது யாருக்கும் நன்மை தராது.

மெலிந்த தூண் அப்படிப்பட்ட ஆபத்து அன்று. அது ஒருவர் மேசையில் போட்ட கணக்கு, இன்னொருவர் மிச்சம் பிடித்த கம்பி, மூன்றாமவர் பார்க்காமல் போட்ட கையெழுத்து. கசாப்புக் கடைக்காரரின் பணியாளர் வண்டியின் பாரத்தைக் கண்ணால் பார்த்திருக்கலாம். கான்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியின் கனத்தையோ, மண் பரிசோதனை நடந்ததா என்பதையோ ஒரு சித்தாள் எதை வைத்து அறிவார்? அவர் அறியவே முடியாத ஒன்றை அவர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்வது பொய்.

இதைவிடக் கடினமான ஒரு கேள்வி உண்டு. அந்தத் தூணை எழுப்பியதும் அதே கைகள்தானே? கலவையில் தண்ணீரைக் கூட ஊற்றியவர், கம்பிக்கு இடையே தூரத்தைக் கூட்டிக் கட்டியவர், கான்கிரீட் இறுகுமுன் முட்டுகளைப் பிரித்தவர் எல்லாம் தொழிலாளிகளே. அனுபவமுள்ள கொத்தனாருக்குக் கலவையைப் பார்த்ததும் தெரியும், இது நிற்காது என்று. தெரிந்தும் செய்தவருக்குப் பங்கில்லையா?

பங்கு உண்டு, ஆனால் அது மிகச் சிறியது. ஏன் சிறியது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும். வாய் திறந்தால் மறுநாள் வேலை இல்லை என்பது ஒரு காரணம். அது மட்டும் போதுமானதல்ல, ஏனென்றால் வேலை போகும் பயம் இன்ஜினீயருக்கும் உண்டு. அறிவும் அதிகாரமும் எவ்வளவு சேர்ந்திருக்கின்றனவோ அவ்வளவே பொறுப்பு என்பதே இங்கே பொருந்தும் அளவுகோல். கொத்தனாருக்குக் கலவை மோசம் என்று தெரியும்; அந்தத் தூண் 11 மாடியின் எந்தப் பாரத்தைத் தாங்கப்போகிறது என்று தெரியாது. வேலையை நிறுத்தும் அதிகாரமும் அவரிடம் இல்லை. வரைபடம் போட்டவரிடம் முழு அறிவு இருந்தது. பணம் போட்டவரிடம் முழு அதிகாரம் இருந்தது. இருவரும் அந்தக் கட்டடத்தின் கீழே நிற்கவும் இல்லை. தன் சிறு பங்குக்கான விலையை உடலாலேயே கொடுத்துவிட்டவரைக் காட்டி, பெரிய பங்குக்காரர்கள் ஒளிந்துகொள்வதை அறம் ஏற்காது. 1923 சட்டமேகூட, வேண்டுமென்றே பாதுகாப்பு உத்தரவை மீறியவருக்கு இழப்பீடு இல்லை என்று சொல்லிவிட்டு, சாவிலும் நிரந்தர முழு முடக்கத்திலும் அந்தக் காரணத்தைக் காட்டித் தப்ப முடியாது என்று நிறுத்திக்கொண்டது.

பணக் கணக்கையும் பார்க்கலாம். 1923 சட்டத்தின் கீழ் 2020 ஜனவரியிலிருந்து மாத ஊதியம் எவ்வளவாக இருந்தாலும் 15,000 ரூபாய்வரைதான் கணக்கில் எடுத்தார்கள். 30 வயதில் இறந்தவருக்கு அதில் பாதியை 207.98 என்ற காரணியால் பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு குடும்பத்துக்கு இது பெரிய உதவி. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பில்டர் பாலிசி எடுத்திருந்தால் இதையும் காப்பீட்டு நிறுவனமே கட்டிவிடும். தூணைச் சரியாகக் கட்டியவரும் மோசமாகக் கட்டியவரும் ஏறக்குறைய ஒரே பிரீமியம் கட்டித் தப்பிக்கும் இடத்தில், பிழை செய்யாமல் இருக்க யாருக்கும் பணத்தால் காரணம் இல்லை.

குற்ற வழக்கு இருக்கிறதே என்பார்கள். அலட்சியத்தால் சாவு விளைவித்தவருக்கு இப்போதைய நியாய சம்ஹிதாவில் 5 ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் அந்த வழக்கு அரசுடையது. அடிபட்டவர் அதில் சாட்சி மட்டுமே. பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இரண்டு நல்ல அடிகள் வைத்திருக்கிறது. கட்டடக் கலைஞரும் வடிவமைப்பாளரும் திட்டமிடும்போதே தொழிலாளர் பாதுகாப்பைக் கருத வேண்டும் என்பது ஒன்று. சட்டத்தை மீறியதால் சாவோ கடுங்காயமோ நேர்ந்தால், அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்குத் தர நீதிமன்றம் உத்தரவிடலாம் என்பது மற்றொன்று. கடமை யாருக்கு என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்தக் கடமை தவறியதால் முடங்கியவர், தானே நீதிமன்ற வாசலேறி அந்த வடிவமைப்பாளரிடம் கணக்குக் கேட்க முடியாதபடி பழைய தடை வழியில் நிற்கிறது.

இரண்டையும் கொடுத்தால் ஒரே காயத்துக்கு இரண்டு முறை பணம் போகுமே என்ற அச்சத்துக்கும் விடை ஏற்கெனவே இருக்கிறது. இங்கிலாந்து 1948-ல் இந்தக் கட்டாயத் தேர்வை ஒழித்தது. தொழிலாளி காப்பீட்டுப் பயனையும் வாங்கலாம், தவறு செய்த முதலாளிமேல் வழக்கும் போடலாம், வாங்கியதில் ஒரு பகுதியை நட்டஈட்டில் கழித்துக்கொள்வார்கள் என்று வைத்தது. அமெரிக்காவில் தன் முதலாளியிடம் இழப்பீடு வாங்கிய தொழிலாளி, வடிவமைப்பாளர் போன்ற மூன்றாம் தரப்பினர்மேல் தனியே வழக்குத் தொடரலாம். நியூயார்க் மாநிலத்தில் உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்குக் கட்டட உரிமையாளரே பொறுப்பு என்னும் சட்டத்தின் வேர் 1885 வரை போகிறது. அங்கெல்லாம் கட்டுமானத் தொழில் நின்றுபோகவில்லை.

ஆகவே அடிபட்ட தொழிலாளி இன்று ஆணையரிடம் போவதே சரி. தயங்காமல், காலம் கடத்தாமல் போக வேண்டும். பசித்த வீட்டுக்கு முதலில் வர வேண்டியது அந்தப் பணம். அதை வாங்கிய காரணத்துக்காகவே அவருடைய அடுத்த கேள்வியை அடைக்கும் தடையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும். கட்டுமானப் பிழையால் நேர்ந்த சாவிலும் முடக்கத்திலும், இழப்பீட்டைக் கழித்துக்கொண்டு மீதி நட்டஈட்டை வரைபடம் போட்டவரிடமும் பில்டரிடமும் கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்குத் தர வேண்டும். வீடு வாங்கியவருக்கு அந்த உரிமையைக் கொடுத்து ஆண்டுகள் ஆகிவிட்டன.