கீறலும் தீற்றலும்

நம் விமர்சன மொழியில் 'கறார்' என்பது பாராட்டுச் சொல். 'மென்மை' என்றால் ஒன்று அது கவிதையின் அலங்காரம், இல்லையேல் ஆளின் பலவீனம். கடினமானது உயர்ந்தது, இளகுவது தாழ்ந்தது என்ற வரிசையை நாம் யாரும் விவாதித்து ஏற்றுக்கொண்டதில்லை. இதே வரிசை கனிமவியலில் எண்களோடு இருக்கிறது. அங்கே அது எதை அளக்கிறது என்று பார்த்தால், இங்கே நாம் எதை அளந்துகொண்டிருக்கிறோம் என்பதும் புலப்படக்கூடும்.

1812-இல் ஃப்ரீட்ரிஷ் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். விதி எளிது. கீறுவது மேலே, கீறப்படுவது கீழே. மாக்கல்லுக்கு அதன் வழுவழுப்பைத் தரும் டால்க் 1. ஜிப்சம் 2. கால்சைட் 3. இப்படியே ஏறி குவார்ட்ஸ் 7, குருந்தம் 9, வைரம் 10. ஜிப்சத்தின் அமைப்பில் தண்ணீர் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த அடுக்குகளின் பிடி தளர்வானது என்பதால் அது சுலபமாகப் பிளக்கிறது. நம் விரல் நகம் இந்த ஏணியில் சுமார் இரண்டரை. அதனால் ஜிப்சத்தை நகத்தால் கீறிவிடலாம், கால்சைட்டை முடியாது.

இந்த எண்கள் அளவுகள் அல்ல. குருந்தத்துக்கும் வைரத்துக்கும் இடையே ஒரே ஒரு படிதான். கருவி வைத்து அளந்தால் வைரம் குருந்தத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம். வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இவை விசித்திரமான எண்கள். கூட்ட முடியாது, கழிக்க முடியாது, வட்டி போட முடியாது. பணிமூப்புப் பட்டியல் போல, யாருக்கு மேல் யார் என்பதை மட்டும் சொல்பவை.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. மோஸின் வரிசை வலிமையை அளக்கவில்லை. தான் கீறப்படாமல் பிறரைக் கீறும் திறனை அளக்கிறது. சம்மட்டியும் பட்டறைக் கல்லும் உடையும், வைரம் உடையாது என்று கி.பி. முதல் நூற்றாண்டில் ப்ளினி எழுதிவைத்தார். உண்மையில் சரியான தளத்தில் ஒரு தட்டுத் தட்டினால் வைரம் பிளந்துபோகும். கடினம் வேறு, தாங்கும் உரம் வேறு. படிவரிசையின் அடியில் கிடக்கும் மாக்கல்லில் கடைந்த கல்சட்டி, கத்தி முனைக்கு இளகும். அடுப்பில் வற்றக் குழம்பு கொதிக்கக் கொதிக்க அசையாமல் இருக்கும். நெருப்பைத் தாங்குவதற்கு மோஸிடம் எண் இல்லை. அது அவர் கேட்ட கேள்வியும் அல்ல.

கீறிப் பார்க்கும் சோதனையில் தொடக்க மாணவனுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லித்தருவார்கள். ஒரு கல்லை மற்றொன்றின் மேல் இழுத்ததும் கோடு தெரிந்தால், இழுத்த கல்தான் கடினமானது என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. விரலை நனைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். கோடு அப்படியே இருந்தால் அது கீறல். அழிந்துபோனால், இழுத்த கல் மென்மையானது. தன் பொடியைக் கடினமான கல்லின் மேல் விட்டுப்போயிருக்கிறது. அது கீறல் அல்ல, தீற்றல்.

இந்த வித்தியாசம் எனக்குக் கனிமவியலைத் தாண்டிய ஒன்றாகத் தோன்றுகிறது. ஒன்று மற்றொன்றின் மேல் தடம் பதிக்க இரண்டு வழிகள் உண்டு. எதிரில் இருப்பதைக் குறைத்துப் பதிப்பது ஒன்று. தன்னைக் குறைத்துப் பதிப்பது மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கோடுகள்தான்.

நாம் எழுதக் கற்றதெல்லாம் இரண்டாவது வழியில். சிலேட்டில் இழுத்த பல்பம் மாக்கல். பென்சிலில் இருப்பது கிராஃபைட். வைரம் எந்தக் கரியோ அதே கரி, அடுக்கப்பட்ட விதம்தான் வேறு. வகுப்பறைச் சாக்பீஸ் பெயரளவில் சுண்ணக்கல். நம் ஊரில் பெரும்பாலும் அது ஜிப்சம் மாவை அச்சில் ஊற்றி எடுத்தது. கரும்பலகையைவிட மென்மையாக இருப்பதால் மட்டுமே அதனால் எழுத முடிகிறது. அதில் கடினமான துகள் ஒன்று கலந்திருந்தால் எழுத்து விழாது. பலகை கிரீச்சிடும், கீறல் விழும், அந்தக் கீறலின் மேல் பிறகு எந்த எழுத்தும் சரியாகப் பதியாது.

வங்கியில் நகைக் கடன் கேட்டு வருபவர்களின் நகைகளை மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்ப்பதை அன்றாடம் பார்க்கிறேன். இப்போது எக்ஸ்ரே கருவிகள் வந்துவிட்டன என்றாலும் உரைகல் போய்விடவில்லை. பொன்னும் மென்மையான கனிமம்தான். சுத்தத் தங்கம் மோஸ் வரிசையில் ஏறக்குறைய நகத்துக்குப் பக்கத்தில் நிற்கும். உரைகல் குவார்ட்ஸ் இனத்துக் கறுப்புக் கல், மிகக் கடினம். கல்லில் விழுந்த பொன் கோட்டின் மேல் அமிலம் ஒரு துளி. மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பீடு. அவ்வளவுதான்.

விமர்சனத்தை உரைகல் என்று சொல்வது நம்மிடையே தேய்ந்துபோன உவமை. ஆனால் உரைகல் என்ன செய்கிறது என்று அதைச் சொல்பவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அது கடினமாக இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பொன் கோடு விழாது. ஆனால் சாட்சி கல்லின் கடினம் அல்ல, பொன் அதன் மேல் விட்டுச்சென்ற தன்னுடைய கோடு. நம்முடைய கறார் விமர்சனங்கள் பலவற்றில் படைப்பு விட்டுச்சென்ற கோட்டைக் காணோம். விமர்சகர் படைப்பின் மேல் போட்ட கீறல்தான் இருக்கிறது. அதிலிருந்து விமர்சகரின் எண் தெரிகிறது. படைப்பின் மாற்றுத் தெரிவதில்லை.

மென்மையே அறம் என்று சொல்ல வரவில்லை. ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதன் தண்ணீரில் முக்கால் பங்கு போய்விடும். மிஞ்சும் மாவு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீர் விட்டால் சூடேறி, இம்மியளவு உப்பி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து இறுகும். எந்த அச்சு என்று அது கேட்பதில்லை. இறந்த கவியின் முகத்தையும் அது வாங்கிக்கொள்ளும், சர்வாதிகாரியின் மார்பளவுச் சிலையாகவும் நிற்கும். 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தபோது பத்திரிகைகள் பல இப்படித்தான் அச்சுக்கு ஏற்ப இறுகின. தலையங்கத்தின் இடத்தை வெள்ளையாக விட்ட ஒன்றிரண்டு பத்திரிகைகளை இன்றும் மரியாதையோடு நினைக்கிறோம் என்றால், கடினத்துக்கும் ஒரு வேளை உண்டு என்றுதான் அர்த்தம். தீற்றலுக்கு எதிராக மற்றொரு வாதமும் உண்டு: அது அழிந்துபோகும். அதிகாரம் தன் சாசனங்களைக் கருங்கல்லில் வெட்டுவது இது தெரிந்துதான்.

ஆகவே கேள்வி கடினமா மென்மையா என்பதல்ல. இளகுவது எதன்பொருட்டு என்பது. 1850களின் தொடக்கத்தில் டச்சு ராணுவ மருத்துவர் மத்தெய்சன் இந்த மாவைத் துணியில் தடவி முறிந்த எலும்புகளுக்குக் கட்டினார். நம் மாவுக்கட்டின் பிறப்பு அதுதான். அதுவும் அச்சை வாங்கிக்கொள்வதே. ஆனால் அச்சு, காயம்பட்ட ஒருவனின் கால். எலும்பு கூடும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, வெட்டி எறியப்படுகிறது.

சிமெண்ட் என்னை இன்னும் யோசிக்கவைக்கிறது. சூளையிலிருந்து வரும் கட்டிகளை வெறுமனே அரைத்துத் தண்ணீர் விட்டால், கலவை கொத்தனாரின் கரண்டியிலேயே இறுகிவிடும். பூசவும் முடியாது, திருத்தவும் முடியாது. அதனால் அரைக்கும்போதே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்க்கிறார்கள். ஜிப்சம் இறுகுவதைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது. அந்த அவகாசத்தில்தான் கலவையை அள்ளிக் கொட்டி மட்டம் பார்த்துச் சாந்துக் கரண்டியால் இழுத்துவிட முடிகிறது. பாலங்களும் அணைகளும் பெற்றிருக்கும் கடினம், இந்தக் கொஞ்சம் மென்மை வாங்கித் தந்த அவகாசத்தில் உருவானது.

சிறுபத்திரிகை என்பது ஒரு சிறு வட்டம். இங்கே ஒரு முதல் தொகுதி வந்தால் இரண்டு வாரத்தில் அபிப்பிராயம் இறுகிவிடுகிறது. இறுகிய அபிப்பிராயத்தை உடைக்கத்தான் முடியும், திருத்த முடியாது. உடைப்பவனும் இன்னொரு கறார் ஆசாமியாகவே வர வேண்டியிருக்கிறது. தீர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பில்லாத விமர்சனம் இறுகாத சாந்து; அதன் மேல் எதையும் கட்ட முடியாது. தீர்ப்புக்கு முன் ஒரு தாமதம் வேண்டும் என்கிறேன். மறுபடி ஒருமுறை படிக்க, பிடிக்காத கவிதை நம்மேல் என்ன விட்டுச்சென்றது என்று பார்க்க, போட்ட கோட்டை நனைந்த விரலால் ஒருமுறை துடைத்துப் பார்க்க. அது கீறலா தீற்றலா என்பது அப்போதுதான் தெரியும்.