நூறாவது பாட்டு

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் செத்துப்போன ஒருத்தன் கண்ணைத் திறந்தான். 2013-இல் இந்தியில் வந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவத்துக்குப் பெயர் 'அம்பிகாபதி'. அதில் தனுஷ் நடித்த குந்தன் கடைசியில் ஆஸ்பத்திரியில் இறந்துபோவான். மறுவெளியீட்டில் ஏ.ஐ. உதவியோடு முடிவை மாற்றி, அவனைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கடுமையாக எதிர்த்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் ஒப்புக்கொண்ட படம் இது இல்லை என்றார் தனுஷ்.

அப்போது நடந்த சண்டை பெரும்பாலும் மெஷின் கலையைத் தொடலாமா என்பதைப் பற்றித்தான். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்பதாலோ என்னவோ, எனக்கு அதில் பெரிய ஆர்வம் வரவில்லை. கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கூட ஒரு முடிவை மாற்றலாம். எனக்கு இருந்த கேள்வி வேற. துயரக் கதையில் செத்தவர்களைப் பிழைக்க வைக்க நமக்கு உரிமை இருக்கா? இருந்தா, அதுக்கு என்ன விலை கொடுக்கணும்?

உரிமை இருக்கு என்றுதான் நினைக்கிறேன். மக்கள் ரொம்பக் காலமாக இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். 1681-இல் நாஹூம் டேட் என்பவர் 'கிங் லியர்' நாடகத்தைத் திருத்தி, சாக வேண்டிய கார்டீலியாவுக்குக் கல்யாணமே செய்துவைத்தார். அடுத்த நூற்றைம்பது வருஷம் இங்கிலாந்து மேடைகளில் ஓடியது அந்த லியர்தான். அதே நூற்றாண்டு லண்டனில் 'ரோமியோ ஜூலியட்'டை ஒருநாள் சாவோடும் மறுநாள் சுபமாகவும் மாற்றி மாற்றிப் போட்டதாக ஒரு நாடகக் குறிப்பு சொல்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? எங்க பக்கம், ஆவுடையார்கோவில் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் அரிச்சந்திர நாடகம் போட்டால், மயான காண்டம் முடிந்து லோகிதாசன் எழுந்து உட்காரும்போது கிழக்கு வெளுத்திருக்கும். பாயைச் சுருட்டுகிற யாரும் "இது ஏமாத்து வேலை"ன்னு சொல்ல மாட்டாங்க. ராத்திரி முழுக்க அரிச்சந்திரன் விலை கொடுத்ததைக் கூடவே உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்கள்.

இப்போது அந்தப் படத்துக்குப் பெயர் கொடுத்த கதைக்கு வருவோம். கம்பரின் மகன் அம்பிகாபதி, சோழ இளவரசி அமராவதியைக் காதலிக்கிறான். ராஜா ஒரு நிபந்தனை போடுகிறான்: சிற்றின்பம் கலக்காமல் நூறு பாட்டுப் பாடு, பெண்ணைத் தருகிறேன். அம்பிகாபதி பாடுகிறான், அமராவதி எண்ணுகிறாள். ஆனால் முதலில் பாடிய கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததும் நூறு ஆகிவிட்டதென்று எட்டிப் பார்க்கிறாள். அவளைப் பார்த்ததும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. தலை போகிறது.

கோடு எழுதுகிற யாருக்கும் இதைக் கேட்டதும் முதலில் சிரிப்புதான் வரும். எண்ணுவதை பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பதா, ஒன்றிலிருந்தா? வாரத்துக்கு ஒருமுறையாவது நாங்கள் செய்கிற பிழை. தமிழின் மகா காதல் சோகம், ஒன்று கூடிப்போன கவுன்ட்டரால் நடந்திருக்கு!

இதை வைத்து ஒரு குறும்பான காதல் நாவல் எழுதலாமே என்று ரொம்ப நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. அமராவதி கணக்கில் கெட்டிக்காரி. காப்புச் செய்யுளைத் தனியாக வைத்துவிட்டு, ஒழுங்காக நூறு எண்ணுகிறாள். அம்பிகாபதி பிழைக்கிறான், கல்யாணம், சுபம். மனசுக்குள் எழுதிப் பார்த்தபோதுதான் இடித்தது. நூறு சரியாக வந்துவிட்டால் அந்த ராஜா உண்மையிலேயே பெண்ணைக் கொடுத்துவிடுவானா? அந்த நிபந்தனையே இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. நூறு முடிந்தால் நூற்றொன்று கேட்பான். பிழை எண்ணியவளிடம் இல்லை, கேட்டவனிடம் இருக்கிறது. கவுன்ட்டரை மட்டும் திருத்தி எழுதினால் என் நாவல் அந்த ராஜாவை நல்லவனாக்கிவிடும்.

இந்த இடத்தில் ஐசக் மாரியனின் 'வார்ம் பாடீஸ்' (2010) எனக்கு உதவியது. ரோமியோ ஜூலியட்டை ஜோம்பி உலகத்துக்குக் கொண்டுபோன நாவல். அதன் நாயகனுக்குத் தன் பெயரில் 'ஆர்' என்ற முதல் எழுத்து மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. கைவிடப்பட்ட விமானத்தில் குடியிருந்துகொண்டு பழைய இசைத்தட்டு கேட்கிறான். ஜூலியின் காதலன் பெர்ரியின் மூளையைத் தின்ற பிறகு, அவளையே காதலிக்கவும் செய்கிறான். வாய்விட்டுச் சிரிக்க வைக்கிற புத்தகம்தான். ஆனால் மாரியன் எதையும் சும்மா விடவில்லை. பெர்ரியின் நினைவுகள் ஆரின் மண்டைக்குள் பேசிக்கொண்டே இருக்கின்றன. இருப்பவர்கள் ஒருபக்கம், செத்தவர்கள் ஒருபக்கம் என்று பிரித்த ஏற்பாடு குலையாமல் இந்த ஜோடி சேரவே முடியாது. சுபமான முடிவுக்காக அந்த உலகத்தின் விதியே மாற வேண்டியிருக்கிறது.

ஏ.ஐ. அம்பிகாபதியில் எந்த விதி மாறியது? குந்தன் செய்த காரியத்தால்தான் ஸோயா காதலித்த ஜஸ்ஜீத் அடிபட்டுச் செத்தான். குந்தனின் சாவு அந்தக் கடனோடு சேர்ந்தது. புது முடிவில் எழுந்தது ஹீரோ மட்டும். ஜஸ்ஜீத் எழவில்லை. அவனை எழுப்பணும்னு யாருக்கும் தோணவும் இல்லை.

எங்கள் ஊர்க் கதை ஒன்று இதற்குப் பொருந்தும். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பணத்தை மாணிக்கவாசகர் இங்கே, திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டார். சிவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிப்போனார். ராஜாவுக்கு மகா சந்தோஷம். ராத்திரியே அவை மறுபடி நரிகளாகி, லாயத்திலிருந்த நிஜக் குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடின. மாணிக்கவாசகருக்குத் தண்டனை ஒருநாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். கணக்கு அப்படியே இருக்க, காட்சியை மட்டும் மாற்றினால் இதுதான் நடக்கும்.

நம் ஊரில் இது வெறும் இலக்கியப் பிரச்சினை இல்லை. 2003-இல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் முருகேசன், கண்ணகி என்று இரண்டு பேர். அவர் தலித், இன்ஜினியரிங் படித்தவர். அவள் ஆதிக்க சாதி வீட்டுப் பெண். பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். படிப்பு, வயது, சட்டம், கையெழுத்து என்று இந்த நாடு கேட்ட நூறு பாட்டையும் ஒன்று தவறாமல் பாடி முடித்திருந்தார்கள். பெண்ணின் சொந்தக்காரர்களே இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2021 ஆனது. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் உண்டு. ரோமியோ விஷத்தைத் தானே வாங்கிக் குடித்தான். இங்கே ஊற்றுவதற்கு ஆள் இருந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கவும் ஆள் இருந்தார்கள்.

இதற்குப் பிறகும் சுபமான முடிவு எழுதலாமா? எழுதணும் என்றே சொல்வேன். சாவை மட்டுமே திரும்பத் திரும்பப் பார்க்கும் கண்ணுக்கு, காதலித்தால் செத்துத்தான் ஆகணும் என்பது இயற்கை விதி மாதிரி ஆகிவிடும். இருபது வயதில் சாதி மாறிக் காதலிக்கிற ஒருத்திக்கு, பிழைத்து, சண்டை போட்டு, கேஸ் சிலிண்டருக்கு அலைந்து, சேர்ந்து கிழவியாகிற ஒரு அமராவதி நிச்சயம் தேவை. அவளைச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதை அந்தக் கதை சொல்லியாக வேண்டும். யார் கதவு திறந்தார்கள், எந்த போலீஸ்காரர் புகாரை வாங்கினார், எந்த அண்ணன் கத்தியைக் கீழே வைத்தான் என்று.

என்னுடைய நாவல் இன்னும் முதல் அத்தியாயத்திலேயே நிற்கிறது. அமராவதி சரியாகத்தான் எண்ணுகிறாள். தொண்ணூற்றொன்பதாவது பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று, அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "எதுக்கு நூறு?" சபையில் அடுத்து யார் வாய் திறப்பார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.