பூட்டிய வீடும் அமானிதமும்

 

நம்மில் சிலருக்கு ஒரு கடைவீட்டையோ இரண்டு அறைகளையோ வாடகைக்கு விடும் வசதியை அல்லாஹுத் தஆலா தந்திருக்கிறான். குடியிருந்தவர் மூன்று மாத பாக்கியை வைத்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார். உள்ளே தையல் இயந்திரமும் பாத்திரங்களும் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் கிடக்கின்றன. "பாக்கிக்கு இவை ஈடாகட்டும்" என்று நப்ஸு சொல்லும். அங்கேதான் நம் ஈமானுக்குச் சோதனை.

வாடகை பாக்கி அவர் நமக்குத் தரவேண்டிய கடனாகும். ஆனால் கடன்பட்டதனால் அவருடைய பொருள் நம் பொருளாகிவிடாது. 622-ஆம் ஆண்டில் மக்கத்துக் குறைஷிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்தார்கள். அவ்வேளையிலும், அவ்வூரார் ஒப்படைத்திருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டன்றோ நாயகம் அவர்கள் ஹிஜ்ரத் சென்றார்கள்! உயிருக்கே பகையானவர்களின் பொருளுக்கு அந்தப் பேணுதல் என்றால், வாடகை தராதவரின் பொருளை நாம் எப்படிப் பேணவேண்டும்?

யாரையும் காணாவிட்டாலும் அனுமதியின்றிப் பிறர் வீட்டில் நுழையலாகாது என்பது சூரத்துந் நூரின் 28-ஆம் ஆயத்தின் கட்டளை. போனவர் ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். ஒரு மௌத்துக்காக ஊருக்குப் போயிருக்கலாம். ஆகவே பூட்டை உடைக்குமுன் அக்கம்பக்கத்திலும் வேலையிடத்திலும் விசாரிப்போம், கடிதமும் எழுதுவோம்.

தவணை முடிந்தும் வீட்டை விடாதவரைக் கோர்ட்டு வழியாகவே வெளியேற்றவேண்டும் என்கிறது, மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டத்தின் 7(2)-ஆம் பிரிவு. பாக்கி வாடகைக்கு 1951-ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் அதன்படி 12 மாத பாக்கி வரை கோர்ட்டில் வாரண்டு கேட்கலாம். அப்போதும் குடும்பத்தாருக்கு அவசியமான உடுதுணியிலும் படுக்கையிலும் கைவைக்க இயலாது.

அவர் போய்விட்டார் என்பது உறுதியானால், வக்கீலிடம் கேட்டுக்கொண்டு, போலீசில் ரிப்போர்ட்டும் எழுதிவைத்து, இரண்டு சாட்சிகளோடு திறப்போம். ஒவ்வொரு பொருளையும் எழுதி, படமெடுத்து, கையொப்பம் வாங்கிப் பத்திரப்படுத்துவோம். தெருவில் கண்டெடுத்த பொருளையே ஓராண்டு அறிவிக்கச் சொன்ன மார்க்கம் நம் மார்க்கம். இங்கோ உடையவர் யாரென்றே நமக்குத் தெரியுமே! முன்பணத்தில் பாக்கியைக் கழித்து மீதி இருந்தால் அதுவும் அவருடையதே.

அவர் இல்லாமையால் ஓடியவராயின், சூரத்துல் பகராவின் 280-ஆம் ஆயத்தை நினைப்போம். கஷ்டப்படும் கடனாளிக்குத் தவணை கொடுக்கவேண்டும். விட்டுக்கொடுப்பது அதனினும் மேல். வாடகை இம்மையோடு போகும். அமானிதத்தின் கணக்கு மஹ்ஷரிலும் வரும். ஹலாலான வருவாயைக் கொண்டு நம் அனைவரையும் அல்லாஹ் போதுமாக்கி வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.