பந்து இல்லாத வேளையில்

பெரியகுளத்தில் ஆண்டுதோறும் மே மாதத்தில் சில்வர் ஜூபிளி விளையாட்டுக் கழகம் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகிறது. அங்கு அமர்ந்து பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். கூடையில் பந்தைப் போடுகிறவரைவிட, அவருக்கு வழி ஏற்படுத்திக் கொடுப்பவரே பல வேளைகளில் மிகுதியாக உழைக்கிறார். கைதட்டல் என்னவோ போட்டவருக்குத்தான்.

கால்பந்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 90 நிமிட ஆட்டத்தில் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் காலில் பந்து இருப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அவர் ஓடுகிறார், இடம் மாறி நிற்கிறார், எதிரணி வரும் வழியை மறிக்கிறார். திரையோ பந்தின் பின்னேயே செல்கிறது. கைப்பேசிகளில் சுற்றிவரும் அரை நிமிடக் காட்சியில் கோல் மட்டுமே எஞ்சுகிறது.

2018 ஜூன் 1 அன்று மும்பையில் இந்திய அணி சீன தைபே அணியை 5-0 என வென்றது. தலைவர் சுனில் சேத்ரி மூன்று கோல்கள் அடித்தார். அரங்கில் இருந்தவர்கள் 2,569 பேர்! மறுநாள் சேத்ரி ஒரு காணொளியில், இணையத்தில் ஏசுவதை விடுத்து அரங்கிற்கு வந்து நேரிலேயே ஏசுங்கள் என்ற பொருள்பட மன்றாடினார். ஜூன் 4 அன்று அவரது 100ஆவது ஆட்டத்திற்கு நுழைவுச்சீட்டுகள் அனைத்தும் விற்றுப்போயின. ஆகவே இணையப் புகழை முற்றிலும் பழிப்பது நேர்மையாகாது. வெற்று இருக்கைகளை நிரப்பியதும் அதுவே.

அதே ஆண்டு பிப்ரவரியில் தமிழக மகளிர் அணி, மணிப்பூரை வென்று தேசிய வாகையர் பட்டம் பெற்றது. தமிழகத்தின் நடுக்கள வீராங்கனை, கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசனின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இதை எழுதும் நாமும் சேத்ரியை அறிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அப்பெயரை அறிந்தோம்.

புகழ் ஒருவரின் மதிப்பை அளக்குமா என்று கேட்டால், அளக்காது என்று உடனே கூறிவிடுவோம். ஆனால் பாராட்டும் நாம் எதைக் கொடுத்துப் பாராட்டுகிறோம்? விரலின் ஓர் அசைவைத்தானே?

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரு காசுகள் போட்ட கைம்பெண்ணை அவர் கண்டது அதனால்தான். சீடர்களும் அதே கோவிலில்தான் இருந்தார்கள்; அவர்களையோ அழைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்பெண்ணின் பெயரை நற்செய்தி குறிக்கவில்லை. தன்னைப் பற்றிப் பேசப்பட்டதை அவர் கேட்டாரா என்பதும் அதில் இல்லை.

இறைவன் காண்கிறார் என்று ஆறுதல் சொல்லி, காணப்படாதோரை அப்படியே விட்டுவிடுகிறோம். அது உண்மைதான், ஆயினும் நமது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் உண்மையாக அதை ஆக்கிக்கொள்கிறோமோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

ஒருமுறை அந்தக் கூடைப்பந்துத் திடலில், பந்து கையில் இல்லாத ஓர் ஆட்டக்காரரை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்க முயன்றோம். இரண்டாம் நிமிடமே கண்கள் பந்திடம் போய்விட்டன.