மிச்சமான முக்கால் மணி நேரம்

கடையில் விற்பனைப் பையன் என் கணவரிடம்தான் பேசினான். நிமிடத்துக்கு எத்தனை சுற்று, எத்தனை நட்சத்திரம், மோட்டாருக்கு எத்தனை வருட உத்தரவாதம், மாதத் தவணை எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்தே சொல்லி முடித்தான். கடைசியில் என் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்கு வெள்ளையா, சில்வரா?" என்றான். மூன்று நாள் கழித்து வாஷிங் மெஷின் வீட்டுக்கு வந்தது. அதை இயக்கிக் காட்ட வந்த இளைஞர் செருப்பைக் கழற்றும்போதே கேட்ட முதல் கேள்வி, "மேடம் இருக்காங்களா?" கதவைத் திறந்த கணவர், "எங்கிட்டயே சொல்லுங்க" என்றார். "இல்ல சார், யூஸ் பண்றவங்க பாத்தாதான் சரியா இருக்கும்" என்றார் அவர். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு இளைஞர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். யாரிடம் எதைப் பேச வேண்டும் என்று யாரும் அவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு பேர் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. டெமோ முடிகிறவரை கணவர் சுவரில் சாய்ந்து நின்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைத்தான் இரவு வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் திறக்கும் மெஷின்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது நான். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு போர் தண்ணீர். சித்திரை வந்தால் லாரித் தண்ணீர். மேலே மூடி திறக்கும் மெஷினில் துணி மிதக்கிற அளவுக்குத் தொட்டி நிறைய வேண்டும். முன்பக்கம் திறப்பதில் உருளை படுக்கைவாட்டில் இருக்கிறது. அடியில் கொஞ்சம் தண்ணீர்தான். உருளை சுற்றும்போது துணியை மேலே தூக்கிக்கொண்டு போய்ப் பொத்தென்று கீழே போடும். தூக்கி அடிப்பது, திரும்பத் தூக்கி அடிப்பது. துவைக்கிற கல்லில் நடந்ததும் இதுதானே. ஏழு கிலோ துணிக்கு ஐம்பது, அறுபது லிட்டரில் வேலை முடிந்துவிடுகிறது. மேலே திறப்பவை பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்கு குடிக்கும். கடைசிப் பிழிதலில் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுவதால் துணி முக்கால்வாசி காய்ந்தே வெளியே வருகிறது.

ஆனால் அதற்கும் பணிவிடை செய்ய வேண்டும். நுரை கொட்டுகிற சாதாரணத் தூளைப் போட்டால் அலசி அலசியே மாளாது. நுரை குறைந்த தனித் தூள் வாங்க வேண்டும். ஓட ஆரம்பித்தபின் ஒற்றைக் காலுறை வெளியே கிடப்பதைப் பார்த்தால் நினைத்தபடி கதவைத் திறக்க முடியாது. முடிந்ததும் கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். கீழே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சில்லறை, ஊக்கு, மகனின் பென்சில் துண்டு எல்லாம் சேரும். எங்கள் உப்புத் தண்ணீருக்கு உள்ளே இருக்கும் ஹீட்டரில் சுண்ணாம்புபோல் படிந்துவிடும். மாதம் ஒரு முறை அதற்கென்று விற்கும் தூளைப் போட்டு, துணியில்லாமல் கொதிக்கிற நீரில் ஓட்ட வேண்டும். இதெல்லாம் இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மெஷின் போட்டுட்டேன்" என்று சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரும் சொல்கிறார். அழுக்குக் கூடையைக் கவிழ்த்து வெள்ளையைத் தனியாகப் பிரிப்பது, சாயம் போகும் துணியை அடையாளம் காண்பது, சட்டைப் பைகளைத் துழாவுவது, காலர் அழுக்குக்குச் சோப்புப் போட்டுக் கசக்குவது, மழை வருமா என்று வானம் பார்ப்பது, உதறிக் காயப்போடுவது, எடுத்து வருவது, மடிப்பது, யாருடையது யாருடைய அலமாரியில் என்று வைப்பது. மெஷின் இவற்றில் எதையும் செய்வதில்லை. பொத்தானை அழுத்துகிறவருக்குத் துணி துவைத்த திருப்தி முழுசாகக் கிடைத்துவிடுகிறது.

2009இல் மகளிர் தினத்தன்று வத்திக்கானின் நாளிதழ், இருபதாம் நூற்றாண்டில் பெண்களை அதிகம் விடுவித்தது கருத்தடை மாத்திரையா, வேலைக்குப் போகும் உரிமையா, வாஷிங் மெஷினா என்று கேட்டு மெஷினின் பக்கம் சாய்ந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1983இல், ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் இதை வேறு விதமாகப் பார்த்துவிட்டார். வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் ஆண்களும் பிள்ளைகளும் வேலையாட்களும் செய்துவந்த பங்கைத்தான் முதலில் இல்லாமல் ஆக்கின, மிஞ்சியதெல்லாம் அம்மா தலையில் விழுந்தது, கூடவே சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது என்பது அவர் வாதம். அவர் எழுதியது அமெரிக்க வீடுகளைப் பற்றி. என் வீட்டில் வாரம் மூன்று முறை துவைத்தது ஆறு முறை ஆனபோது அவரை நினைத்துக்கொண்டேன். முன்பெல்லாம் இரண்டு நாள் போட்ட சட்டையை என் மகன் இப்போது டியூஷனுக்கு ஒரு மணி நேரம் போட்டுவிட்டுக் கூடையில் எறிகிறான். கேட்டால், "மெஷின்தானம்மா துவைக்குது" என்கிறான். அவன் சொன்னதில் பிழையில்லை. அவன் கண்ணுக்கு அதற்கு முன்னும் பின்னும் எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். ஆண்களுக்கு 97. அதுவும் வீட்டு வேலை செய்வதாகச் சொன்ன ஆண்களின் கணக்கு. அப்படிச் சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். 2011இலிருந்து விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் வீடு வீடாக வந்த மாநிலம் இது. அம்மியும் ஆட்டுக்கல்லும் தின்ற தோள்களை அவை காப்பாற்றின என்பதை என் அம்மாவைப் பார்த்து வளர்ந்த நான் மறுக்க மாட்டேன். ஆனாலும் மிக்சி வந்தபின் எங்கள் வீட்டில் ஒரு சட்னி மூன்று சட்னி ஆனது.

என் அம்மாச்சி துணி துவைத்ததே இல்லை. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. ஊரில் வண்ணார் குடும்பம் ஒன்று மூட்டை கட்டிக்கொண்டு போய் வெள்ளாவி வைத்து வெளுத்துக் கொண்டுவரும். கூலி, அறுப்புக் காலத்தில் நெல். இரவில் வாசலில் நின்று கேட்டு வாங்கும் சோறு. பிள்ளைப்பேற்றுத் துணியும் வீட்டு விலக்குத் துணியும் அந்த வீட்டுப் பெண்ணுக்கென்றே ஒதுக்கி வைக்கப்படும். பல் முளைக்காத பிள்ளைகூட அவளை ஒருமையில் கூப்பிடும். அவளுக்கும் கீழே இன்னொருத்தியை வைத்திருந்தது சாதி. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) படித்தவர்களுக்கு ஆரோக்கியத்தைத் தெரியும். அம்மாச்சியின் கை மென்மையாக இருந்தது என்று எங்கள் குடும்பத்தில் இன்னும் சொல்வார்கள். அந்த மென்மைக்கு யாருடைய கை வெந்தது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா டவுனுக்கு வந்து தானே துவைத்தாள். நான் வேலைக்குப் போய் அக்காவை வைத்துக்கொண்டேன்.

மெஷின் வந்த முதல் வாரத்தில் அத்தைக்கும் எனக்கும் சண்டை. மாதவிலக்கு நாளில் நான் கழற்றிப் போட்ட புடவையும் அவர் பூஜைக்குக் கட்டும் புடவையும் ஒரே உருளையில் சுற்றக் கூடாது என்றார். நான் விடவில்லை. அறுபது டிகிரி வெந்நீரில் எந்தத் தீட்டு மிஞ்சும், மெஷினுக்குத் தெரியுமா எது எந்த நாள் துணி என்று கேட்டேன். "மெஷினுக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியுமே" என்றார் அத்தை. மறுநாளிலிருந்து தன் பூஜைப் புடவையைக் குளியலறையில் தானே துவைத்துக்கொள்கிறார். எழுபத்தோரு வயதில், முட்டி வலியோடு. நான் வென்றுவிட்டதாகத் தோழிகளிடம் சொன்னேன். உள்ளாடையும் வேட்டியும் ஒன்றாகச் சுழல்வதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பதில் அப்போது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. ஒரு நாள் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அக்காவின் கணக்கு வேறு. பாத்திரத்துக்கு 1,200, வீடு பெருக்கித் துடைக்க 1,000, துணிக்கு 1,200. ஆறு வருடமாக வருகிறார். பால்கனியில் நின்ற அட்டைப் பெட்டியைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "அப்ப துணிக்கு நான் வேணாமாம்மா?" என்று கேட்டார். குரலில் எதுவும் இல்லை, காய்காரரிடம் விலை கேட்பது போலத்தான்.

கடையில் சுற்று, நட்சத்திரம், நிறம் எல்லாம் பேசியவர்கள் இதை மட்டும் பேசவில்லை. நானும் பேசவில்லை. துணிக்கான 1,200ஐ நிறுத்தினால் என் முதுகையும் தண்ணீரையும் காப்பாற்ற வாங்கிய மெஷினின் தவணையில் ஒரு பங்கை அவர் கட்டுகிறார் என்று ஆகும். வேலை இல்லாமல் பணத்தை மட்டும் கொடுத்தால்? அவரிடமே கேட்டேன். "சும்மா குடுக்காதீங்கம்மா. நாளைக்கு ஒரு வார்த்தை வந்தா அதான் முதல்ல வரும்" என்றார். ஆறு வருடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி அவர் தெரிந்துவைத்திருந்தது அந்த ஒரு வரியில் இருந்தது. கடைசியில், சம்பளம் அப்படியே, காயப்போட்டு மடிப்பது மட்டும் அவர் வேலை என்று முடிவானது. எனக்கு நிம்மதி. அவருக்கு நாளுக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்.

அந்த முக்கால் மணி நேரம் இரண்டு வாரம்தான் அவரிடம் இருந்தது. அத்தை மெல்ல ஆரம்பித்தார். "மின்விசிறி தூசியா இருக்கு." "சும்மாதான இருக்க, இந்தக் கீரையை ஆஞ்சிடேன்." ஜன்னல் கம்பிகள், அலமாரிக்கு மேலே இருக்கும் பழைய அண்டாக்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சம்பளம் குறைக்காததால் அந்த நேரம் நம்முடையது என்று அத்தை வாய்விட்டுச் சொன்னார். நான் சொல்லவில்லை, ஆனால் ஆய்ந்த கீரையைச் சமைத்தேன். ஒருவர் வாங்கும் சம்பளம் அவர் செய்து முடிக்கும் வேலைக்கா, எங்கள் வாசலுக்குள் அவர் இருக்கும் நேரத்துக்கா? கல்லூரியில் என் பணி நேரம் பற்றி நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்கும்போது இந்தக் கேள்விக்கு என்னிடம் தெளிவான பதில் உண்டு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அக்காவின் கால்விரல் இடுக்கில் எப்போதும் இருந்த சேத்துப்புண் ஆறிவிட்டது. சோப்புத் தூளில் வெடித்த கை தேறியிருக்கிறது. "கை வழவழன்னு இருக்குன்னு எம் பொண்ணு சொல்றா" என்று ஒரு நாள் சிரித்தார். தானும் ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்றார். அதற்காகக் கடையில் விசாரித்தும் வந்திருந்தார். குழாயில் வேகமாகத் தண்ணீர் வராவிட்டால் முன்பக்கம் திறப்பது சரிப்படாது, குடத்தில் பிடித்து ஊற்றுகிற வீட்டுக்கு இரட்டைத் தொட்டி மெஷின்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும் மெஷின், குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிற வீட்டில்தான் ஓடும். குடம் சுமக்கிறவளுக்கு நிறையக் குடிக்கிறதுதான் கிடைக்கும். பையன் கடையில் எனக்கு இதையெல்லாம் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.

போன ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. அக்கா மாடியில் போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கி வந்தவர், வாசலில் நின்றபடியே கேட்டார். "பாப்பா யூனிஃபார்ம் ரெண்டும் காயலம்மா. ஈரத்தோடயே போட்டுட்டுப் போறா. உங்க துணியோட ஒரு தடவை போட்டுக்கட்டுமா? இதுல போட்டா காஞ்சே வருதே."

நான் உடனே பதில் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம்? ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது. அதற்குள் என்ன நினைத்தேன் என்று அப்புறம் பலமுறை தோண்டிப் பார்த்திருக்கிறேன். அத்தை என்ன சொல்வார் என்று நினைத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இன்று ஒன்று, நாளை மூட்டையாக வருமோ என்று யோசித்ததாகச் சொல்லலாம். இரண்டும் முழுப் பொய்யில்லை. ஆனால் எனக்கு முதலில் வந்தது யோசனையே இல்லை. வயிற்றுக்குள் ஒரு சின்னச் சுருக்கம். அறுபது டிகிரியில் எந்தத் தீட்டு மிஞ்சும் என்று கேட்டவள் நான். இந்தக் கைகள் பிழிந்த உடுப்பைத்தான் ஆறு வருடம் உடம்பில் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போய்ப் பெண் விடுதலை பற்றி வகுப்பெடுத்திருக்கிறேன். அவர் மகளின் நீலப் பாவாடை எங்கள் துணிகளோடு சுற்றும் என்பதில் மட்டும் எனக்கு ஒரு நொடி தேவைப்பட்டது. மெஷினுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்கிறது.

"எடுத்துட்டு வாங்கக்கா, இதுக்கென்ன கேக்கணுமா" என்றேன். கொஞ்சம் அதிகச் சத்தமாகவே சொல்லியிருப்பேன். மறுநாள் பாலித்தீன் பையில் கொண்டுவந்தார். நான்தான் போட்டேன், எங்கள் துணிகளோடு சேர்த்து. கதவை மூடும்போது அவர் பக்கத்தில் நிற்கவில்லை. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எடுத்து உதறி, மடித்து, அதே பையில் வைத்துக்கொண்டு போனார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மழை அதற்கப்புறமும் ஒரு வாரம் பெய்தது. அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த ஒரு நொடியை அவர் பார்த்திருக்கிறார். ஆறு வருடமாக என் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவருக்கு அது தப்பாது.

இப்போது மறுபடி ஐப்பசி. இன்று காலையிலிருந்து தூறிக்கொண்டிருக்கிறது. பால்கனியில் மெஷின் கடைசிச் சுற்றில் அதிர்கிறது. அக்கா மின்விசிறி துடைக்கிறார். "பாப்பா யூனிஃபார்ம் காய்ஞ்சுதாக்கா?" என்று கேட்க நினைத்து இரண்டு முறை கூடத்துக்குப் போய்த் திரும்பிவிட்டேன்.